தில்லிக் குன்றுத்தொடர்: நிலமும் பெயரும்

1. முன்னுரை

பெருநகரங்களை அடுத்துக் கிடக்கும் தாழ்ந்த குன்றுகள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் கோட்டை எழுந்த இடமாகவோ படை தங்கிய களமாகவோ மட்டுமே இடம்பெறுகின்றன. அவற்றின் பாறையும் மண்ணும் நீரோட்டமும் மரஞ்செடிகளும் பிற துறையினருக்கு உரியன என ஒதுக்கப்படுகின்றன. அவற்றுக்கு வழங்கிவந்த பெயர்கள் போதிய கவனம் பெறுவதில்லை. எனினும், தில்லியை ஒட்டியுள்ள ஆரவல்லிக் குன்றுகளின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒரு நிலப்பகுதி எந்த மொழியில், எந்தச் சொல்லால் பதிவு செய்யப்பட்டது என்பது அந்நிலத்தின் கதியைப் பலமுறை முடிவு செய்திருக்கிறது. இக்குன்றுகளின் இயற்கை அமைப்பையும், அவற்றைக் குறிக்க வெவ்வேறு காலங்களில் வழங்கிய சொற்களையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒரு சொற்சிக்கல் எதிர்ப்படுகிறது. ஆங்கிலத்தில் 'ஃபுட்ஹில்' என்பது பெருமலைக்கு முன்னே நிற்கும் சிறுகுன்றைக் குறிக்கும். அதற்கு ஈடாகக் கையாளப்படும் 'அடிவாரம்' என்னும் தமிழ்ச்சொல்லோ மலையின் சரிவு சமவெளியோடு கூடும் நிலத்தைக் குறிக்கும். முன்னது குன்றின் பெயர். பின்னது குன்றின் கீழ் உள்ள தரையின் பெயர். தில்லிக் குன்றுகள் இவ்விரண்டிலும் முழுமையாக அடங்குவன அல்ல. அவை ஒரு மலைத்தொடரின் முன்வரிசையாக இல்லாமல் அதன் வால்நுனியாக அமைந்தவை. நெல்லைப் பகுதியில் 'பொத்தை' என்றும் கொங்குப் பகுதியில் 'கரடு' என்றும் வழங்கும் சொற்கள், தாழ்ந்து பாறை மிகுந்த இவ்வகை நிலத்துக்கு நெருங்கி வருவன எனலாம்.

2. நில அமைப்பு

ஆரவல்லித் தொடர் குசராத்தில் தொடங்கி இராசத்தான், அரியானா வழியாக வடகிழக்கு நோக்கி ஏறத்தாழ 700 கி.மீ. சென்று தில்லியில் முடிகிறது. உலகின் மிகப் பழைய மடிப்பு மலைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட தேய்மானத்தால் உயரம் இழந்த இத்தொடர், அபு மலையில் உள்ள குரு சிகரத்தில் 1,722 மீ. வரை எழுகிறது, தில்லி எல்லைக்குள் அதன் மிக உயர்ந்த இடம் பாட்டி என்னும் சிற்றூரின் அருகே 318 மீட்டரே. யமுனைச் சமவெளியே கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால், காண்பவர் கண்ணுக்கு இக்குன்றுகள் நூறு மீட்டர் அளவுக்கோ அதனினும் மிகக் குறைவாகவோதான் உயர்ந்து தோன்றும். வடபகுதியில் அவ்வுயரம் சில பத்து மீட்டராகக் குறைந்துவிடுகிறது.

தெற்கே பாட்டி, துக்ளகாபாத் பகுதிகளில் நுழையும் இத்தொடர், மெஹ்ரௌலி வழியாக நகரின் நடுவே சென்று, வடக்கே வசீராபாத்தில் யமுனையைத் தொடும் வரை ஏறத்தாழ 35 கி.மீ. நீள்கிறது. இதன் பாறை குவார்ட்சைட் வகையைச் சேர்ந்தது. எளிதில் கரையாத இப்பாறை வெடிப்புகள் நிறைந்தது. அவ்வெடிப்புகளின் வழியே மழைநீர் நிலத்தடிக்கு இறங்குகிறது. மழையின் பெரும்பகுதி சூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுவதால், ஆண்டின் எஞ்சிய காலத்துக்கு இவ்வாறு இறங்கிய நீரே கிணறுகளுக்கு ஆதாரமாக இருந்துவந்தது. கிழக்குச் சரிவின் ஓடைகள் யமுனையில் கலந்தன. மேற்குச் சரிவின் ஓடைகள் நசஃப்கட் தாழ்நிலத்தில் தேங்கின.

மக்கள் இந்நிலத்தை அறிந்து பயன்படுத்தியதற்கு மிகப் பழங்காலம் முதலே சான்று உண்டு. அனங்பூரில் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன. அக்கருவிகளுக்கு வேண்டிய குவார்ட்சைட்டைக் குன்றே தந்தது. அதே ஊரில் தோமர அரசர் காலத்துக்கு உரியதாகக் கருதப்படும் கல்லணை ஒன்று குன்றுகளுக்கு இடைப்பட்ட ஓடையைத் தடுத்து நிற்கிறது. அண்மையில் உள்ள சூரஜ்குண்டும் தோமரர் காலத்ததே. 13-ஆம் நூற்றாண்டில் இல்துத்மிஷ் மெஹ்ரௌலியில் அமைத்த ஹௌஸ்-இ-ஷம்சி என்னும் நீர்நிலையும் இதே மரபைச் சார்ந்தது. தில்லியின் பழைய தலைநகரங்களான லால்கோட்டும் துக்ளகாபாத்தும் பாறையின் மீது எழுந்தன. ஆற்றை நோக்கி நகரம் இறங்கியது பிற்காலத்தில்தான்.

3. நால்வகை நிலம்

1883-84-இல் வெளிவந்த தில்லி மாவட்ட விவரச்சுவடி, மாவட்டத்தின் நிலத்தைக் கோஹி, பாங்கர், காதர், டாபர் என நான்காகப் பகுத்துக் கூறுகிறது. ஆங்கில ஆட்சியின் அலுவலர்கள் தொகுத்த நூலாயினும், இச்சொற்கள் உழவரிடையேயும் வருவாய்க் கணக்கிலும் வழங்கியவை. காதர் என்பது யமுனையின் புதுவண்டல் படியும் கரைநிலம். காவிரிக் கரையில் 'படுகை' எனப்படுவதை ஒத்தது. பாங்கர் என்பது வெள்ளம் எட்டாத பழவண்டல் மேட்டுநிலம். டாபர் என்பது மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலம்; நசஃப்கட் பகுதி அதற்கு எடுத்துக்காட்டு. கோஹி என்பது குன்றும் குன்றைச் சார்ந்த நிலமும் ஆகும்.

'கோஹி' என்னும் சொல் மலை எனப் பொருள்படும் 'கோஹ்' என்ற பாரசீகச் சொல்லின் அடியாகப் பிறந்தது. 'கோஹினூர்' என்னும் வைரத்தின் பெயரிலும் இதே சொல் உள்ளது. ஏனைய மூன்றும் வட்டார வழக்குகள். குன்றுக்கு மட்டும் பாரசீகப் பெயர் அமைந்தது, முகலாயர் காலம் தொட்டு வருவாய்த்துறையின் எழுத்துமொழியாகப் பாரசீகம் இருந்ததன் விளைவாகலாம். பேச்சுவழக்கில் 'பஹார்', 'பஹாரி' என்ற சொற்களே குன்றைக் குறித்தன. 17-ஆம் நூற்றாண்டில் ஷாஜகான் கட்டிய ஜும்மா மசூதி நிற்கும் மேடு 'போஜ்லா பஹாரி' எனப்படுகிறது. 'பஹார்கஞ்ச்' என்பது மலைச்சந்தை எனப் பொருள்படும். இன்று குன்றே கண்ணுக்குத் தெரியாதபடி கட்டடங்கள் மூடியுள்ள இடங்களில், இவ்வூர்ப்பெயர்கள் பழைய நிலத்தோற்றத்தின் சான்றுகளாக எஞ்சியுள்ளன.

இப்பகுப்பைத் தமிழில் தர முற்படும் மொழிபெயர்ப்பாளர், நானிலப் பெயர்களான குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தலை நாடுவது இயல்பு. எண்ணிக்கை ஒத்திருப்பது அவ்விழைவை மேலும் தூண்டும். ஆயினும் இப்பொருத்தம் மேலோட்டமானது. திணைப்பகுப்பு நிலத்தோடு பொழுதையும், மக்கள் தொழிலையும், அகவொழுக்கத்தையும் ஒருங்கே கட்டிய இலக்கிய அமைப்பு. தில்லிப் பகுப்போ மண்ணின் தன்மை, நீர்வரத்து, அவற்றால் விளையும் வரி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. காதரும் டாபரும் நீருக்கு அருகில் உள்ளவை என்றாலும், ஒன்று வண்டலால் வளம் பெறுவது. மற்றொன்று தேங்கிய நீரால் விதைப்பை இழப்பது. மருதம் என்ற ஒரே சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். எனவே மூலச்சொல்லைத் தமிழ் எழுத்தில் தந்து விளக்கம் சேர்ப்பதே இங்குப் பொருந்தும்.

4. 'ரிட்ஜ்' என்னும் பெயர்

தில்லியில் இன்று இக்குன்றுகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் 'ரிட்ஜ்' என்பதாகும். இந்தி பேசுவோரும் இச்சொல்லையே ஆள்கின்றனர். விலங்கின் முதுகைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் இது. உழுசாலுக்கு இடைப்பட்ட மேடு, கூரையின் முகடு, நீண்டு ஒடுங்கிய மேட்டுநிலம் ஆகிய பொருள்களும் பின்னர் இதற்கு ஏற்பட்டன. 1857 சூன் 8-இல் ஆங்கிலப் படை நகருக்கு வடக்கேயுள்ள குன்றைக் கைப்பற்றி, செப்டம்பரில் நகரைத் தாக்கும் வரை அங்கேயே தங்கியது. அப்போரைப் பற்றி எழுதப்பட்ட எண்ணற்ற ஆங்கில நூல்களின் வாயிலாக அப்பொதுப்பெயர் தில்லியைப் பொறுத்தவரை இடுகுறிப்பெயர் போல நிலைபெற்றது. 1863-இல் அங்கு எழுப்பப்பட்ட போர்நினைவுச் சின்னம் 1972-இல் 'அஜித்கட்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. குன்றின் பெயர் மாறவில்லை.

இப்பெயர் மாற்றத்தோடு நோக்கின் மாற்றமும் சேர்ந்தே வந்தது. 'கோஹி' என்ற சொல்லில் குன்றின் உச்சி, சரிவு, அடிவாரத்து மேய்ச்சல் நிலம், ஓடைக்கரை வயல் ஆகிய யாவும் அடங்கியிருந்தன. 'ரிட்ஜ்' என்ற சொல்லில் உயர்ந்து நிற்கும் கோடு ஒன்றே எஞ்சியது. பீரங்கியை நிறுத்தவும் தொலைவைப் பார்க்கவும் பயன்படும் நிலமாக அது காணப்பட்டது.

1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டபின், அக்கோட்டுக்குப் புதிய பணி ஒன்று தரப்பட்டது. ராய்சினா, மால்சா முதலிய சிற்றூர்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. ராய்சினாக் குன்று வெடிவைத்துச் சமப்படுத்தப்பட்டது. அதற்குப் பின்னே உள்ள நடுக்குன்று, புதிய அரசு மாளிகைக்குப் பசுமையான பின்னணியாக அமைய வேண்டும் என்று கருதப்பட்டு, 1913-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. கால்நடைகளின் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. மேய்ச்சல் நிலமாக இருந்தது சட்டத்தின் மொழியில் காடாயிற்று.

5. மரங்களும் அவற்றின் பெயர்களும்

இக்குன்றுகளின் இயற்கையான தாவரங்கள் வறட்சியைத் தாங்கும் முள்மரங்களும் புதர்களுமே. தமிழ் வாசகர்க்கு இவற்றுள் பல அறிமுகமானவை. தாக் என்பது புரசு. பேர் என்பது இலந்தை. ஜண்ட் என்பது வன்னி. ரோஞ்ச் என்பது வெள்வேல். அமல்தாஸ் என்பது சரக்கொன்றை. குன்றின் பாறைச்சரிவுக்கே உரிய 'தௌ' என்னும் மரம் தென்னாட்டு வெக்காலியின் நெருங்கிய உறவு. தில்லி எல்லையை அடுத்து அரியானாவில் உள்ள 'மங்கர் பனீ' என்னும் கோயிற்காட்டில் தௌ மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. குதரியா பாபா என்னும் துறவியின் நினைவாக அங்குக் கிளை ஒடிப்பதும் தழை பறிப்பதும் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சுற்றுவட்டச் சிற்றூர் மக்கள் காத்துவந்தமையே அதற்குக் காரணம். 'பனீ' என்பது வனம் என்பதன் திரிபாகிய 'பன்' என்ற சொல்லின் சிறுமைப்பெயர்; சிறுகாடு என்பது பொருள்.

புதிய தலைநகரின் காப்புக்காட்டை விரைவில் பசுமையாக்க 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்ட மரமோ மெக்சிகோ, தென்னமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. தில்லியில் அது 'விலாயதி கீகர்' எனப்படுகிறது. தமிழ்நாட்டில் அதன் பெயர் 'சீமைக்கருவேல்'. 'கீகர்' என்பது கருவேல். 'விலாயத்' என்னும் அரபுச்சொல் ஆட்சிப்பகுதி என்ற பொருளிலிருந்து அயல்நாடு, குறிப்பாக இங்கிலாந்து, என்ற பொருளுக்கு நகர்ந்தது. 'சீமை' என்னும் சொல்லும் எல்லை, நாடு என்ற பொருள்களிலிருந்து அதே பொருளுக்கு நகர்ந்ததே. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிவழக்குகள், ஒரே மரத்துக்கு ஒரே முறையில், சொல்லுக்குச் சொல் ஒத்த பெயரைப் படைத்துள்ளன. மொழிபெயர்ப்பில் இத்தகைய முழுப்பொருத்தம் அரிது.

ஆயின் இப்பெயர் இருமொழியிலும் தாவரவியல் உறவை மறைக்கிறது. இம்மரம் கருவேலுக்கு நெருங்கியதன்று. நெடுங்காலமாக வன்னியின் பேரினத்திலேயே வைத்து எண்ணப்பட்டது. இராசத்தானில் வழிபாட்டுக்குரிய மரமாகவும் தமிழகத்தில் சில கோயில்களின் தலமரமாகவும் விளங்கும் வன்னியின் பெயர், அதன் அயல்நாட்டு உறவுக்குத் தரப்படவில்லை. முள்ளையும் தோற்றத்தையும் கண்டு மக்கள் பெயரிட்டனர். அம்மரம் ஆழ வேரோடி, தன்னைச் சூழ்ந்த நாட்டுச் செடிகளை ஒடுக்கி, நடுக்குன்றின் பெரும்பகுதியையும் பரப்பிக்கொண்டது. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குக் காடு அடர்ந்ததாகத் தோன்றும். பெயர்ப்பட்டியல் எடுப்பவர்க்கோ அங்கே ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வரும்.

குன்றின் தென்பகுதியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. பாட்டிச் சுரங்கங்களில் சிதைந்த குவார்ட்சைட்டிலிருந்து தோண்டப்பட்ட பருமணல், 'பதர்பூர்' என்ற பெயரால் தில்லிக் கட்டடத் தொழிலில் வழங்கிற்று. தென்கிழக்கு எல்லையில் உள்ள ஓர் ஊரின் பெயர் இவ்வாறு பொதுப்பெயராயிற்று. நகரின் சுவர்கள் குன்றின் மணலால் எழுந்தன என்பதை அகராதியில் ஏறாத அவ்வழக்குச்சொல் பதிந்து வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. 1986-இல் அசோலாப் பகுதியும் 1991-இல் பாட்டியும் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் அங்குச் சிறுத்தைகள் தானியங்கிப் படக்கருவிகளில் பதிவாகியுள்ளன.

6. 'காடு' என்பதன் பொருள்

1994 மே மாதத்தில் தில்லி அரசு ஏறத்தாழ 7,777 எக்டேர் பரப்பைக் காப்புக்காடாக்கும் முதல் அறிவிக்கையை வெளியிட்டது. வட, நடு, தென்னடு, தென் எனக் குன்று பகுக்கப்பட்டது. இவற்றுள் தென்பகுதி மட்டுமே ஏறத்தாழ 6,200 எக்டேர். எல்லை வகுக்கப்பட்ட பரப்புக்கு வெளியேயும் குன்று தொடர்ந்தது. அங்கே சட்டம் எதைக் காடு எனக் கொள்ளும் என்ற வினா எழுந்தது.

1996 டிசம்பர் 12-இல், கோதவர்மன் வழக்கில், 'காடு' என்ற சொல்லை அதன் அகராதிப்பொருளிலேயே கொள்ளவேண்டும் என்றும், யாருடைய உடைமையாயினும் அரசு ஆவணத்தில் காடு எனப் பதிவான நிலமும் அதில் அடங்கும் என்றும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு நாட்டின் காடுகளின் பாதுகாப்பு அகராதியை நம்பி நின்ற இந்நிகழ்வு மொழியியலார் கவனத்துக்குரியது. ஆங்கில அகராதியில் 'ஃபாரஸ்ட்' என்பதன் பொருள் மரம் அடர்ந்த பெருநிலம். தமிழில் 'காடு' என்பதன் பொருளோ இடத்துக்கு இடம் வேறுபடும். கொங்குப் பகுதியில் 'காடு' புன்செய் நிலத்தைக் குறிக்கும். 'மேட்டாங்காடு' என்பது வானம் பார்த்த மேட்டுப் புன்செய். 'சுடுகாடு' மரமற்ற வெளி. ஆணையைத் தமிழாக்குவோர் 'காடு' என்று எழுதின் ஒருவகையிலும் 'வனம்' என்று எழுதின் வேறுவகையிலும் எல்லை விரிந்து சுருங்கும்.

வடமொழியின் 'ஜாங்கலம்' என்ற சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. பழைய மருத்துவ நூல்களில் அது வறண்டு திறந்து முள்மரங்கள் கொண்ட நிலத்தைக் குறித்தது. நீர்வளம் மிக்க 'அநூபம்' அதற்கு மறுதலை. மகாபாரதம் குரு நாட்டின் ஒரு பகுதியைக் 'குருஜாங்கலம்' என்கிறது. அச்சொல்லின் வழிவந்த 'ஜங்கல்' ஆங்கிலத்துக்குச் சென்று அடர்ந்த மழைக்காட்டின் பெயராகித் திரும்பியது. பழைய பொருளில் தில்லிக் குன்றுகள் செவ்விய ஜாங்கலம்; புதிய பொருளில் அவை காடே அல்ல என வாதிட இடமுண்டு.

7. 'கைர் மும்கின் பஹார்'

அரியானாவின் வருவாய்ப் பதிவேடுகளில் இக்குன்றுகள் 'கைர் மும்கின் பஹார்' என எழுதப்பட்டுள்ளன. 'கைர்' என்பது 'அல்லாத', 'மும்கின்' என்பது 'இயலக்கூடிய' எனப் பொருள்படும் அரபுச் சொற்கள். சாகுபடிக்கு இயலாத மலை என்பது தொடரின் பொருள். உழவர்க்கு வரிவிதிக்க முடியாத நிலம் என்பதைக் குறிக்கவே கணக்கர் இதனை எழுதினர். 1992 மே 7-இல் மைய அரசு வெளியிட்ட ஆரவல்லி அறிவிக்கை, அன்றைய குர்கான் மாவட்டத்திலும் இராசத்தானின் ஆல்வார் மாவட்டத்திலும், நிலப்பதிவில் 'கைர் மும்கின் பஹார்', 'கைர் மும்கின் ராடா', 'கைர் மும்கின் பேஹட்', 'பஞ்சட் பீட்', 'ருந்த்' எனக் குறிக்கப்பட்ட நிலங்களில் சுரங்கம், கட்டுமானம் முதலியவற்றைக் கட்டுப்படுத்தியது. ஒருகாலத்தில் பயனின்மையைக் குறித்த சொற்கள் இங்கே காப்பின் சொற்களாயின.

இத்தொடரைத் தமிழாக்குவதில் உள்ள இடர்ப்பாடு சிறிதன்று. 'தரிசு' என்றால், உழக்கூடிய நிலம் உழாமல் கிடக்கிறது என்ற பொருள் வந்துவிடும். 'புறம்போக்கு' என்றால், பொதுப்பயனுக்கு ஒதுக்கிய அரசு நிலம் எனத் தோன்றும். மூலத்தில் உடைமை பற்றிய குறிப்பே இல்லை. தமிழக வருவாய்ப் பதிவுகளில் வழங்கும் 'கல்லாங்குத்து' ஓரளவு நெருங்கி வரினும், அது பாறைப்பாங்கைக் குறிக்குமேயன்றி மலையைக் குறிக்காது. 'சாகுபடிக்கு ஆகாத மலை' என விரித்து எழுதுவதே மூலத்தின் மூன்று கூறுகளையும் காக்கும். இலக்கிய மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு நடையைச் சார்ந்தது. பதிவேட்டில் அது நூற்றுக்கணக்கான எக்டேர் நிலத்தைச் சார்ந்தது.

8. மலைக்கு அளவுகோல்

2025 நவம்பர் 20-இல் உச்சநீதிமன்றம், சுரங்கக் கட்டுப்பாட்டின் பொருட்டு, சூழ்நிலத்தைவிட 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்த நிலவடிவமே ஆரவல்லி மலை என்றும், 500 மீட்டர் இடைவெளிக்குள் அமைந்த அத்தகைய இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள மலைகளே தொடர் என்றும் ஒரு குழு வகுத்த வரையறையை ஏற்றது. தாழ்ந்த குன்றுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட சரிவுகளும் வரையறைக்கு வெளியே நிற்கும் என்ற எதிர்ப்பு பரவலாக எழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 29-இல் நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்து, மறுஆய்வுக்குப் புதிய வல்லுநர் குழுவை அமைக்க முன்வந்தது.

எதிர்ப்பின் மையம் மொழியியலுக்குப் பழக்கமானதே. எண்ணால் அமையும் வரையறை தெளிவானது. எல்லா மாவட்டங்களிலும் ஒரே முறையில் பொருத்தக்கூடியது. அதிகாரிக்குத் தன் விருப்பம்போல் பொருள்கொள்ள இடம் தராதது என்பதும் அதன் சிறப்பு. ஆயினும் இத்தொடரின் பெரும்பகுதி நூறு மீட்டரை எட்டாத கரடுகளால் ஆனது. மழைநீரைத் தேக்கும் வெடிப்புப் பாறையும் கால்நடைக்கு உதவும் சரிவும் அக்கரடுகளில்தான் உள்ளன. 'கோஹி' என்ற சொல் உயரத்தை அளக்கவில்லை. மண்ணும் நீரும் உழைப்பும் மாறுபடும் இடத்தைச் சுட்டியது. நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் உழவர் எளிதில் காட்டிய எல்லையை அளவுகோல் தவறவிட்டது.

9. முடிவுரை

தில்லிக் குன்றுகள் வட்டார வழக்கிலும் பாரசீக வருவாய்மொழியிலும் கோஹியாகவும் பஹாராகவும் இருந்தன. படைமொழியில் ரிட்ஜ் ஆயின. வனச்சட்டத்தில் காப்புக்காடாகவும், பதிவேட்டில் கைர் மும்கினாகவும், அண்மையில் நூறு மீட்டராகவும் குறிக்கப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கூறு காக்கப்பட்டு மற்றொரு கூறு விடப்பட்டது. விடப்பட்ட கூறு பெரும்பாலும் அந்நிலத்தில் வாழ்ந்தோர் அறிந்து வைத்திருந்ததே.

நிலத்தைக் குறிக்கும் சொற்களை வட்டார வாரியாகத் தொகுத்து, அவை எப்பதிவில், எப்பொருளில் வந்தன என்ற குறிப்போடு பன்மொழி அகராதியாக்கும் பணி இன்னும் பெரிதும் எஞ்சியுள்ளது. பொத்தை, கரடு, கல்லாங்குத்து, படுகை போன்ற தமிழ்ச் சொற்களும் அத்தொகுப்பில் இடம்பெறுதல் வேண்டும். நிலம் பற்றிய வழக்குகளில் அகராதியே சான்றாக ஏற்கப்படும் காலத்தில், அப்பணியைச் சொல்லாய்வு என்று மட்டும் கொள்வதற்கில்லை.